வாஸ்ம் ஓட மறுத்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சி, சி++, ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் எழுதிய நிரலை வெப்அசெம்பிளியாக (சுருக்கமாக வாஸ்ம்) கம்பைல் செய்து பிரவுசரில் ஓட்டுவது இன்று வழக்கமான வேலை. ஆனால் ஏதாவது உடைந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் பலரும் திணறுகிறார்கள். பிழை நடந்த இடம் ஒன்று, அது தலைகாட்டும் இடம் வேறு என்பதுதான் இதில் பெரிய தொல்லை. லிங்கர் எச்சரித்தபோது கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு வரி, பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தும்போது வெடிக்கும். சர்வரில் இருக்கும் சின்னக் குறை, கம்பைலரே கெட்டுப்போனது போலத் தோன்றும்.

ஆகவே எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். மூலநிரல் ஆப்ஜெக்ட் கோப்பாகிறது. லிங்கர் அவற்றைச் சேர்த்து ஒரு வாஸ்ம் கோப்பாக்குகிறது. பிரவுசர் அதைத் தரவிறக்கி, பைட்டுகளைச் சரிபார்த்து, கம்பைல் செய்கிறது. பிறகு அந்த மாட்யூல் கேட்கும் பங்க்ஷன்களை ஜாவாஸ்கிரிப்ட் பக்கமிருந்து கொடுத்து இணைக்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் நிரல் ஓடத் தொடங்குகிறது.

கன்சோலில் வரும் பிழையின் முதல் சொல்லே பெரும்பாலும் கட்டத்தைச் சொல்லிவிடும். கம்பைல்எரர் என்றால் பைட்டுகளில் கோளாறு. லிங்க்எரர் என்றால் கேட்டதும் கொடுத்ததும் பொருந்தவில்லை. ரன்டைம்எரர் என்றால் நிரல் ஓடும்போது விழுந்திருக்கிறது. டைப்எரர் வந்தால் முதலில் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தையும் சர்வரையும் பாருங்கள்.

கீழே பெரும்பாலும், சி, சி++ நிரலை வாஸ்மாக்கும் கருவியான எம்ஸ்கிரிப்டனை வைத்தே பேசுகிறேன். ரஸ்டும் கோவும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். அமைப்புகளின் பெயர்கள் ஒலிப்புப்படி தமிழில் இருக்கும். அசெர்ஷன்ஸ், ஸ்டாக் சைஸ் போன்றவற்றைக் கட்டளையில் எழுதும்போது பெரிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு, முன்னால் -எஸ் சேர்த்து எழுத வேண்டும்.

அறிகுறி: மேஜிக் எண் பொருந்தவில்லை என்று கம்பைல்எரர்

ஒவ்வொரு வாஸ்ம் கோப்பும் ஒரே நான்கு பைட்டுகளில் தொடங்கும்: 0, 97, 115, 109. முதலில் ஒரு சுழி, அப்புறம் ஏ, எஸ், எம் என்ற எழுத்துகளின் எண்கள். இதுதான் மேஜிக் எண். அடுத்த நான்கு பைட்டுகள் பதிப்பு எண்: 1, 0, 0, 0. இந்த எட்டும் சரியாக இல்லாவிட்டால் பிரவுசர் மேற்கொண்டு ஒரு பைட்டைக்கூடப் படிக்காது.

இந்தப் பிழைச் செய்தியில் மிகப் பயனுள்ள பகுதி, "எதிர்பார்த்தது இது, வந்தது இது" என்று அது காட்டும் எண்கள். பலர் அதைத் தாண்டிப் போய் கம்பைலரை மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். வந்த எண்களைப் பதினறும எண்முறையில் படியுங்கள்.

3சி 21 44 4எஃப் என்று இருந்தால், அது ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்தின் முதல் நான்கு எழுத்துகள்: கோணக்குறி, ஆச்சரியக்குறி, டி, ஓ. அதாவது சர்வர் உங்கள் வாஸ்ம் கோப்பைத் தரவே இல்லை. "பக்கம் கிடைக்கவில்லை" என்ற பக்கத்தையோ, ஒற்றைப் பக்கச் செயலியின் முகப்பையோ தந்திருக்கிறது. இரண்டாவது வகையில் நிலைக் குறியீடு 404 ஆகக்கூட இருக்காது, 200 என்றே வரும். அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. நெட்வொர்க் பலகையில் அந்தக் கோரிக்கையின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டுக் கோப்பு (வாஸ்மை ஏற்றி இணைக்க எம்ஸ்கிரிப்டன் கூடவே உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு) தன் பக்கத்திலேயே வாஸ்ம் இருக்கும் என்று எண்ணித் தேடியிருக்கும். உங்கள் பில்ட் கருவியோ அதை வேறு கோப்புறைக்கு நகர்த்தியிருக்கும். மாட்யூல் பொருளில் லோகேட்ஃபைல் பங்க்ஷனைக் கொடுத்துச் சரியான முகவரியைத் திருப்பினால் முடிந்தது.

1எஃப் 8பி என்று தொடங்கினால் கோப்பு ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதைச் சொல்லும் கன்டென்ட்-என்கோடிங் தலைப்பை சர்வர் அனுப்பவில்லை. 76 65 72 73 என்று இருந்தால் அது "வெர்ஷன்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் கிட் எல்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் பார்க்கும் காட்சி இது: உண்மையான கோப்புக்குப் பதிலாக, அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்ன உரைக் கோப்பு சர்வருக்குப் போயிருக்கிறது.

அறிகுறி: மேஜிக் எண் சரி, பதிப்பு எண் 13

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏழாவது பைட்டைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஏழாவது பைட் 0 என்றால் உங்கள் கையில் இருப்பது சோதனைக் காலத்துக் கோப்பு. 2016 முழுக்க வாஸ்ம் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. பிரவுசர்களில் மறைவான அமைப்பை இயக்கினால்தான் ஓடும். வடிவம் மாற மாற 11, 12, 13 என்று பதிப்பு எண்ணும் ஏறியது. 2017 மார்ச்சில் குரோம் 57, ஃபயர்பாக்ஸ் 52 ஆகியவற்றோடு அது வெளிப்படையாக வந்தபோது பதிப்பு எண் 1 என்று நிலைத்தது. பழைய கோப்புகளை இன்றைய பிரவுசர் ஏற்காது. மூலநிரல் இருந்தால் இன்றைய கருவியில் மறுபடி கம்பைல் செய்யுங்கள். பைட்டைக் கையால் திருத்திப் பார்க்கும் வழி எனக்கு உவப்பானதல்ல.

ஏழாவது பைட் 1 என்றால் அது பழைய கோப்பே அல்ல, மிகப் புதியது. காம்போனென்ட் மாடல் என்ற புதிய ஏற்பாட்டில் உருவான கோப்புகள் 13, 0, 1, 0 என்ற எண்களைத் தாங்கி வருகின்றன. பிரவுசர்கள் இவற்றை நேரடியாக ஓட்டுவதில்லை. ஜேகோ என்ற கருவியைக் கொண்டு சாதாரண மாட்யூலும் ஜாவாஸ்கிரிப்டுமாகப் பிரித்துக்கொள்ளலாம். சர்வர் பக்கத்துக்கான இலக்கைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருந்தால், பிரவுசருக்கான இலக்கை மாற்றிக் கொடுத்தாலே போதும்.

அறிகுறி: மைம் வகை தவறு என்ற எச்சரிக்கை

வாஸ்ம் கோப்பைத் தரும்போது சர்வர் அப்ளிகேஷன்/வாஸ்ம் என்ற வகையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தரவிறங்கும்போதே கம்பைல் செய்யும் ஸ்ட்ரீமிங் வழி மறுக்கப்படும். எம்ஸ்கிரிப்டன் ஒட்டுக் கோப்பு எச்சரித்துவிட்டு, முழுக் கோப்பும் வந்த பிறகு கம்பைல் செய்யும் பழைய வழிக்குப் போய்விடும். ஆகவே நிரல் ஓடும், தொடக்கம் மட்டும் தாமதமாகும். சர்வர் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும்.

கோப்பை இருமுறை சொடுக்கி நேரடியாகத் திறந்தால் பெரும்பாலான பிரவுசர்கள் வாஸ்ம் கோப்பை எடுக்கவே விடாது. எம்ஸ்கிரிப்டனோடு வரும் எம்ரன் அல்லது பைத்தானோடு வரும் சின்ன சர்வர் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். தளத்தில் கடுமையான உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை இருந்தால், கம்பைல் செய்ய அனுமதி இல்லை என்று வரும். ஸ்கிரிப்ட்-சோர்ஸ் பகுதியில் வாஸ்ம்-அன்சேஃப்-ஈவால் என்பதைச் சேருங்கள். அன்சேஃப்-ஈவால் போட்டாலும் ஓடும்தான், ஆனால் அது ஜாவாஸ்கிரிப்டுக்கும் கதவைத் திறந்துவிடும். வேண்டாம்.

அறிகுறி: லிங்கர் நிற்கிறது

"அறியாத கோப்பு வகை" என்று வாஸ்ம்-எல்டி என்ற லிங்கர் சொன்னால், நீங்கள் இணைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு உங்கள் கணினியின் சொந்தக் கம்பைலரில் உருவானது. வெளி லைப்ரரி ஒன்றைச் சேர்க்கும்போது அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எம்ஸ்கிரிப்டனின் கம்பைலரான எம்சிசியை விட்டுவிட்டு ஜிசிசியைப் பிடித்துக்கொண்டிருக்கும். எம்கான்ஃபிகர், எம்மேக், எம்சிமேக் ஆகியவற்றின் வழியாக ஓட்டினால் சரியான கருவிகள் போய்ச்சேரும். ஆனால் முதலில் பழைய பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிடுங்கள். சிமேக் எந்தக் கம்பைலரை முதலில் கண்டதோ அதைத்தான் தன் கேஷில் வைத்திருக்கும். அழிக்காமல் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பிழைதான் வரும்.

"வரையறுக்கப்படாத சிம்பல்" என்று வந்தால் பெயரைக் கூர்ந்து பாருங்கள். பெயர் முழுசாக, தெளிவாக இருந்தால் லைப்ரரி சேரவில்லை அல்லது அந்த வசதியே பிரவுசரில் இல்லை. சி++ பக்கமிருந்து சி பங்க்ஷனை அழைக்கும்போது எக்ஸ்டர்ன் சி என்ற அறிவிப்பு விடுபட்டிருந்தாலும் இதே பிழை வரும். அப்போது செய்தியில் பங்க்ஷன் பெயரோடு அதன் அளவுருக்களும் அடைப்புக்குறிக்குள் தெரியும். அளவுருக்கள் தெரிந்தால் சி++ பெயர், தெரியாவிட்டால் சி பெயர் என்று வைத்துக்கொண்டு தேடலாம். வரையறுக்கப்படாத சிம்பலைப் பொறுத்துக்கொள்ளும்படி லிங்கருக்குச் சொல்லும் அமைப்பும் உண்டு. அதைப் போட்டால் பிழை இங்கே மறைந்து, பயனரின் திரையில் முளைக்கும். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

திரெட் வசதியோடு இணைக்கும்போது, பகிர்ந்த நினைவகம் இன்ன கோப்பினால் அனுமதிக்கப்படவில்லை என்று வரலாம். அந்தக் கோப்பு -பிதிரெட் இல்லாமல் கம்பைல் ஆகியிருக்கிறது. எல்லாக் கோப்புகளுக்கும், லைப்ரரிகளுக்கும், இணைக்கும் படிக்கும் அதே கொடி வேண்டும்.

அறிகுறி: லிங்க்எரர், "இறக்குமதி பங்க்ஷன் அல்ல"

லிங்கர் தாண்டியாயிற்று, கோப்பும் சரியாக வந்தது, ஆனால் மாட்யூல் கேட்ட ஏதோ ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் கொடுக்கவில்லை. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒட்டுக் கோப்பும் வாஸ்ம் கோப்பும் ஒரே பில்டில் பிறந்தவை அல்ல. பிரவுசரோ இடையில் உள்ள கேஷ் சர்வரோ ஒன்றைப் பழையதாக வைத்திருக்கிறது.

இரண்டையும் ஒரே ஜோடியாகவே நடத்த வேண்டும். -ஓ3 போன்ற மேம்பாட்டு நிலைகளில் எம்ஸ்கிரிப்டன் இறக்குமதிப் பெயர்களை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். நேற்றைய பில்டில் "சி" என்ற பெயரில் இருந்தது கோப்பு எழுதும் பங்க்ஷன், இன்றைய பில்டில் அதே "சி" நேரம் சொல்லும் பங்க்ஷன் என்று ஆகிவிடலாம். பெயர் கிடைக்கவில்லை என்றால் லிங்க்எரராவது வரும். பெயர் பொருந்திப் பொருள் மாறிவிட்டால் பிழைச் செய்தியே இல்லாமல் நிரல் தாறுமாறாக நடக்கும். ஆகவே கோப்புப் பெயரில் உள்ளடக்கத்தின் ஹேஷைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக வெளியிடுங்கள். சோதிக்கும்போது டெவலப்பர் கருவியில் கேஷை நிறுத்திவிட்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதி.

கோ மொழியில் இதே சிக்கலுக்கு இன்னொரு முகம். வாஸ்ம்_எக்ஸெக் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, நீங்கள் கம்பைல் செய்த அதே கோ பதிப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். 1.21 பதிப்பில் இறக்குமதி மாட்யூலின் பெயர் "கோ" என்பதிலிருந்து "கோஜேஎஸ்" என்று மாறியது. எங்கோ கிடைத்த பழைய கோப்பை வைத்திருப்பவர்களுக்கு அங்கே உடையும். 1.24 முதல் அந்தக் கோப்பு மிஸ்க் கோப்புறையிலிருந்து லிப் கோப்புறைக்கு நகர்ந்துவிட்டதால், பழைய பில்ட் ஸ்கிரிப்டுகள் அதைத் தேடித் தோற்கும்.

ரஸ்டில் வாஸ்ம்-பைண்ட்ஜென் கட்டளைக் கருவியின் பதிப்பும் கார்கோ கோப்பில் உள்ள அதே பெயர்க் கிரேட்டின் (ரஸ்ட் லைப்ரரி) பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தக் கருவியே தெளிவாகச் சொல்லிவிடும்.

அறிகுறி: நான் எழுதிய பங்க்ஷனையே காணோம்

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அழைத்தால் "பங்க்ஷன் அல்ல" என்ற டைப்எரர் வருகிறது. சி நிரலுக்குள் யாரும் அழைக்காத பங்க்ஷனை லிங்கர் தேவையற்றது என்று வெட்டிவிடும். எக்ஸ்போர்ட்டட் ஃபங்ஷன்ஸ் பட்டியலில் சேர்த்தால் நிற்கும். பட்டியலில் எழுதும்போது பெயருக்கு முன் அடிக்கோடு கட்டாயம். மெயின் பங்க்ஷனையும் தேவையானால் அதில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் ஓடாது. மூலநிரலிலேயே எம்ஸ்கிரிப்டன் கீப்அலைவ் என்று குறித்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. பங்க்ஷனை நகர்த்தினாலும் குறிப்பு கூடவே போகும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து சி பங்க்ஷனை அழைக்க உதவும் சிகால், சிராப் ஆகியவற்றைக் காணோம் என்றால் அவை வேறு பட்டியல்: எக்ஸ்போர்ட்டட் ரன்டைம் மெத்தட்ஸ்.

பங்க்ஷன் இருக்கிறது, ஆனால் ரன்டைம் தயாராகும் முன் அழைத்துவிட்டீர்கள் என்று வந்தால், அழைப்பை ஆன்ரன்டைம்இனிஷியலைஸ்ட் பங்க்ஷனுக்குள் வையுங்கள். மாடுலரைஸ் போட்டிருந்தால் அது தரும் பிராமிஸுக்குக் காத்திருங்கள். டைமர் வைத்துச் சிறிது நேரம் கழித்து அழைப்பது தீர்வே அல்ல. மெதுவான இணைப்பில் அதே பிழை திரும்ப வரும்.

"பிக்இன்ட்டாக மாற்ற முடியவில்லை" என்று வந்தால் அந்த அளவுரு 64 பிட் முழு எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் அங்கே செல்லாது, பிக்இன்ட்டாகவே கொடுக்க வேண்டும்.

அறிகுறி: ரன்டைம்எரர், "அன்ரீச்சபிள்"

வாஸ்மில் அன்ரீச்சபிள் என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தொட்டவுடன் நிரல் நிற்கும். அதை அங்கே வைத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ரஸ்ட் என்றால் பெரும்பாலும் பேனிக், அதாவது பிழை கண்டு நிரல் தன்னையே நிறுத்திக்கொள்வது. வாஸ்ம்32-அன்னோன்-அன்னோன் இலக்கில் பேனிக் செய்தி போக இடமில்லாமல் தொலைந்துபோகும், அன்ரீச்சபிள் மட்டும் மிஞ்சும். கன்சோல்_எரர்_பேனிக்_ஹுக் என்ற கிரேட்டை முதல் வரியிலேயே இயக்கினால் முழுச் செய்தியும் கன்சோலில் வரும். நேரம் அளக்க இன்ஸ்டன்ட் நவ் அழைத்திருந்தால் அது இந்த இலக்கில் கண்டிப்பாகப் பேனிக் ஆகும். பிரவுசரின் பெர்ஃபார்மன்ஸ் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

சி, சி++ என்றால் அபார்ட் அழைப்பு, பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன், மதிப்பைத் திருப்பாமல் முடியும் பங்க்ஷன் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில் கம்பைலர் எச்சரிக்கை வந்திருக்கும். சொந்தக் கணினியில் ஏதோ ஒரு குப்பை மதிப்போடு பிழைத்துக்கொண்டிருந்த நிரல் இங்கே நின்றுவிடும்.

இன்னொரு காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடி அலைய வைப்பது இதுதான். ஒரு கோப்பில் பங்க்ஷன் ஒரு முழு எண்ணை வாங்குவதாக வரையறுக்கப்பட்டிருக்கிறது; இன்னொரு கோப்பில் எதையும் வாங்காததாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வாஸ்மில் ஒவ்வொரு பங்க்ஷனுக்கும் துல்லியமான வகை உண்டு. இரண்டு வகைகளையும் ஒன்றாக இணைக்க வழியில்லை. லிங்கர் "ஃபங்ஷன் சிக்னேச்சர் மிஸ்மேட்ச்" என்று எச்சரித்து, எந்தக் கோப்பில் என்ன வகை என்று இரண்டு வரியும் காட்டிவிட்டு, அந்த அழைப்புக்குப் பதிலாக அன்ரீச்சபிள் மட்டும் கொண்ட ஒரு போலிப் பங்க்ஷனை வைத்துவிடுகிறது. பில்ட் வெற்றி என்று முடிகிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கையை யார் பார்ப்பார்? லிங்கருக்கு ஃபேட்டல்-வார்னிங்ஸ் கொடியைக் கொடுத்துவிடுங்கள். எச்சரிக்கை பிழையாகி அங்கேயே நிற்கும். புதிதாக ஒரு பழைய சி நிரலை வாஸ்முக்குக் கொண்டுவரும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

அறிகுறி: மறைமுக அழைப்பில் வகை பொருந்தவில்லை

மேலே சொன்னதன் தம்பி இது, பங்க்ஷன் பாயிண்டர் வழியாக வருகிறது. குரோம் "நல் ஃபங்ஷன் அல்லது சிக்னேச்சர் மிஸ்மேட்ச்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும்.

ஒரு லைப்ரரி, வேலை முடிந்ததும் அழைக்க ஒரு பங்க்ஷன் பாயிண்டரைக் கேட்கிறது. அதன் வகை: ஒரு வாய்ட் பாயிண்டரை வாங்கும், எதையும் திருப்பாது. உங்கள் பங்க்ஷனுக்கு அந்த அளவுரு தேவையில்லை. ஆகவே எதையும் வாங்காமல் எழுதிவிட்டு, காஸ்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். 64 பிட் இன்டெல் கணினியில் அளவுரு ஒரு ரெஜிஸ்டரில் வந்து உட்கார்ந்திருக்கும், உங்கள் பங்க்ஷன் அதைப் படிக்காது, எல்லாம் நலம். வாஸ்மில் மறைமுக அழைப்பு நடக்கும்போதெல்லாம் அட்டவணையில் உள்ள பங்க்ஷனின் வகையும் அழைப்பவர் சொல்லும் வகையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். ஒரு அளவுரு கூடினாலும் குறைந்தாலும், திருப்பும் மதிப்பு ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டாலும், நிரல் அங்கேயே நிறுத்தப்படும்.

சரியான தீர்வு, பங்க்ஷனை எதிர்பார்க்கும் வகையிலேயே எழுதி அளவுருவைக் கண்டுகொள்ளாமல் விடுவது. எம்யுலேட் ஃபங்ஷன் பாயிண்டர் காஸ்ட்ஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. அது எல்லாப் பங்க்ஷன்களுக்கும் உறை போட்டுச் சமாளிக்கும். வேகம் குறையும், கோப்பு பெருக்கும். ஆயிரக்கணக்கான இடங்களில் காஸ்ட் செய்திருக்கும் பெரிய பழைய நிரலுக்கு மட்டுமே அதை யோசிக்கலாம்.

அறிகுறி: நினைவக எல்லை மீறல்

பலர் எதிர்பாராத ஒன்று: வாஸ்மில் நல் பாயிண்டர் வழியாகப் படித்தால் நிரல் நிற்காது. முகவரி 0 அங்கே சாதாரண இடம். எழுதினாலும் எழுதும். கெட்ட பாயிண்டர் ஒன்று எல்லைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. எல்லைக்கு வெளியே கால் வைக்கும்போதுதான் பிழை வரும். ஆகவே பிழை காட்டும் வரியை அப்படியே நம்ப வேண்டாம்.

மேம்படுத்தாமல் -ஓ0 நிலையில் கம்பைல் செய்தால் எம்ஸ்கிரிப்டன் தானாகவே சில சோதனைகளைச் சேர்க்கும். முகவரி 0 கெட்டுப்போயிருந்தால் சொல்லும். அசெர்ஷன்ஸ்=2, சேஃப் ஹீப் ஆகியவை இன்னும் நெருக்கமாகப் பார்க்கும். எல்லாவற்றையும்விட நல்லது -எஃப்சானிடைஸ்=அட்ரஸ். மெதுவாக ஓடும், நிறைய நினைவகம் தின்னும், ஆனால் குற்றம் நடந்த இடத்தையே காட்டும். -ஜி சேர்த்தால் பங்க்ஷன் பெயர்களும் வரி எண்களும் கிடைக்கும்.

ஸ்டாக்கையும் சந்தேகப்படுங்கள். எம்ஸ்கிரிப்டனில் முன்பு 5 எம்பி ஆக இருந்த இயல்பு ஸ்டாக், 2022 இறுதியில் 64 கேபி ஆகக் குறைக்கப்பட்டது. பங்க்ஷனுக்குள் 1,00,000 பைட் வரிசை ஒன்றை அறிவித்தாலே போதும், தாண்டிவிடும். "கருவியைப் புதுப்பித்த பிறகு உடைந்தது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்டாக் சைஸை உயர்த்துங்கள், அல்லது அந்த வரிசையை ஹீப்புக்கு மாற்றுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ செக்=2 போட்டால் யூகிக்க வேண்டியிருக்காது.

அறிகுறி: நினைவகம் தீர்ந்தது, வளர அனுமதித்தால் வேறு பிழை

வாஸ்ம் நினைவகம் 64 கேபி பக்கங்களாக வளரும். 32 பிட் முகவரிக்கு உச்சம் 65,536 பக்கங்கள், அதாவது 4 ஜிபி. எம்ஸ்கிரிப்டன் இயல்பாக 16 எம்பியில் தொடங்கி அதிலேயே நிற்கும். அலவ் மெமரி குரோத் போட்டால் தேவைக்கேற்ப வளரும்.

அதைப் போட்டதும் புதிதாக ஒன்று முளைக்கும்: "துண்டிக்கப்பட்ட அரேபஃபர்" என்ற டைப்எரர், அல்லது இதைவிட மோசமாக, நீளம் 0 ஆகிவிட்ட வரிசை. நினைவகம் வளரும்போது பழைய அரேபஃபர் துண்டிக்கப்பட்டுப் புதிது வருகிறது. அந்த நினைவகத்தை ஜாவாஸ்கிரிப்டில் படிக்க உதவும் ஹீப்யு8 என்ற பொதுப் பார்வையை (வியூ) எம்ஸ்கிரிப்டன் புதுப்பித்துவிடும். நீங்கள் அதிலிருந்து சப்அரே எடுத்து ஒரு மாறியில் வைத்திருந்தால் அதை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். படத்துக்கு இடம் ஒதுக்கி, சப்அரே எடுத்து, வடிகட்டும் பங்க்ஷனை அழைத்து, அதே சப்அரேயிலிருந்து படித்தால், அழைப்புக்குள் எங்காவது மேலாக் நடந்து நினைவகம் வளர்ந்திருந்தால் காலியாகத்தான் இருக்கும். சின்னப் படத்தில் ஓடும், பெரிய படத்தில் விழும். வாஸ்மை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு பார்வையைப் புதிதாக எடுங்கள். பாயிண்டரை வைத்துக்கொள்ளலாம், பார்வையை வைத்துக்கொள்ளக் கூடாது.

வளர்ந்த நினைவகம் சுருங்காது. ஃப்ரீ செய்தாலும் பிரவுசருக்குத் திரும்பிப் போகாது. பெரிய வேலையை ஒரு வொர்க்கருக்குள் (பின்னணியில் ஓடும் தனித் திரெட்) செய்துவிட்டு அந்த வொர்க்கரையே மூடுவதுதான் நினைவகத்தை மீட்க நம்பகமான வழி.

அறிகுறி: பக்கம் உறைந்துபோகிறது

விளையாட்டு நிரல்களில் மெயின் பங்க்ஷனுக்குள் முடிவில்லாத வொயில் சுழல் இருக்கும். பிரவுசரில் அது மெயின் திரெட்டை விடவே விடாது; திரையும் வரையப்படாது, சொடுக்கும் கேட்காது. சுழலின் உடலைத் தனிப் பங்க்ஷனாக்கி எம்ஸ்கிரிப்டன்_செட்_மெயின்_லூப்புக்குக் கொடுங்கள். நிரலை அவ்வளவு பிரிக்க முடியாவிட்டால் அசின்கிஃபை இருக்கிறது: நடுவில் நிறுத்தி, பிரவுசருக்கு மூச்சு விட்டு, திரும்பத் தொடரும். கோப்பு கணிசமாகப் பெருக்கும். அசின்கிஃபை போட்ட பிறகு ஆழமான அழைப்பில் அன்ரீச்சபிள் வந்தால், அசின்கிஃபை ஸ்டாக் சைஸின் இயல்பு மதிப்பான 4096 பைட் போதவில்லை என்று பொருள்.

திரெட் உருவாக்கிய உடனே அதன் முடிவுக்குக் காத்திருந்தாலும் உறையும். மெயின் திரெட் பிரவுசரிடம் திரும்பினால்தான் புதிய வொர்க்கர் தொடங்கும். மெயின் திரெட்டோ வொர்க்கருக்காகக் காத்திருக்கிறது. பிதிரெட் பூல் சைஸ் கொடுத்து வொர்க்கர்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். அல்லது பிராக்ஸி டு பிதிரெட் போட்டு மெயின் பங்க்ஷனையே ஒரு வொர்க்கருக்கு அனுப்பிவிடுங்கள். பெரிய நிரல்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அறிகுறி: ஷேர்ட்அரேபஃபர் இல்லை

திரெட்டுகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள ஷேர்ட்அரேபஃபர் வேண்டும். 2018 ஜனவரியில் சிபியுக்களின் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு வெளியானதும் பிரவுசர்கள் இதை நிறுத்தின. பின்னர் நிபந்தனையோடு திரும்ப வந்தது. சர்வர் இரண்டு தலைப்புகளை அனுப்ப வேண்டும்: கிராஸ்-ஆரிஜின்-ஓப்பனர்-பாலிசிக்கு சேம்-ஆரிஜின், கிராஸ்-ஆரிஜின்-எம்பெடர்-பாலிசிக்கு ரிக்வயர்-கார்ப். பக்கம் ஹெச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்டிலிருந்து வர வேண்டும். கன்சோலில் கிராஸ்ஆரிஜின்ஐசொலேட்டட் என்று தட்டிப் பாருங்கள். ட்ரூ வந்தால் சரி. இதைச் செய்தபின் வேறு தளத்திலிருந்து வரும் படங்களும் ஸ்கிரிப்டுகளும் தடைபடலாம், அவற்றுக்கும் உரிய அனுமதித் தலைப்புகள் தேவை.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, பயனரிடம் ஓடவில்லை

பிரவுசர் மாட்யூல் முழுவதையும் முதலில் சரிபார்க்கிறது. அதற்குத் தெரியாத ஒரே ஒரு கட்டளை, ஒருபோதும் ஓடாத பங்க்ஷனுக்குள் இருந்தாலும் மொத்தக் கோப்பையும் தள்ளிவிடலாம். ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் சிம்ட் கட்டளைகளை குரோம் 91, ஃபயர்பாக்ஸ் 89, சஃபாரி 16.4 முதல்தான் ஏற்கின்றன. ஆகவே "ஓடும்போது சோதித்துக்கொள்ளலாம்" என்று ஒரே கோப்பில் வைக்க முடியாது. இரண்டு கோப்பாகக் கம்பைல் செய்து, சிம்ட் கொண்ட மிகச் சிறிய மாட்யூல் ஒன்றை வெப்அசெம்பிளி.வேலிடேட்டுக்குக் கொடுத்துப் பார்த்து, எதை ஏற்றுவது என்று ஜாவாஸ்கிரிப்டில் முடிவு செய்யுங்கள்.

புதிய வசதி எதையும் கேட்காமலே இது நேரலாம். 2024ல் வந்த எல்எல்விஎம் 19 (கம்பைலர்களுக்கு அடித்தளமான தொகுப்பு), ரஸ்ட் 1.82 ஆகியவை ரெஃபரன்ஸ் டைப்ஸ், மல்டிவேல்யூ என்ற புதிய வாஸ்ம் வசதிகளை இயல்பாகவே இயக்கின. மறைமுக அழைப்பில் அட்டவணை எண் இருக்கும் இடத்தில் முன்பு ஒற்றைச் சுழி பைட் இருந்தது. புதிய முறையில் லிங்கர் திருத்தி எழுத வசதியாக 80 80 80 80 00 என்று ஐந்து பைட்டில் அதே சுழி நீட்டி எழுதப்படும். பழைய பிரவுசரும், வாஸ்ம் கோப்பை மேம்படுத்தும் வாஸ்ம்-ஆப்ட் கருவியின் பழைய பதிப்பும் சுழியை எதிர்பார்த்து 80ஐப் பார்த்து நின்றுவிடும். நீங்கள் அந்த வசதிகளைத் தொடவே இல்லை என்பதால், செய்தி சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். பழைய பிரவுசரையும் ஆதரிக்க வேண்டுமானால் இலக்கு சிபியுவை எம்விபி (வாஸ்மின் தொடக்ககால வசதிகள் மட்டும்) என்று குறைத்து, ரஸ்டில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியையும் அதே இலக்குக்கு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் மெதுவாக

எம்ஸ்கிரிப்டனில் -ஓ2 அல்லது -ஓ3 கொடியை கம்பைல் படிக்கும் இணைக்கும் படிக்கும் இரண்டுக்கும் தர வேண்டும். இணைக்கும் படியில் விட்டுவிட்டால் வாஸ்ம்-ஆப்ட்டின் மேம்பாடுகள் நடக்காது, சோதனைகளும் உள்ளேயே தங்கிவிடும். சி++ எக்ஸெப்ஷன்களைப் பழைய முறையில் இயக்கியிருந்தால், எக்ஸெப்ஷன் எழக்கூடிய அழைப்புகள் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சுற்றிப் போகும், -எஃப்வாஸ்ம்-எக்ஸெப்ஷன்ஸுக்கு மாறுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் -ஓஇசட், சர்வரில் பிராட்லி சுருக்கம், வெளியிடும் பில்டிலிருந்து -ஜி நீக்கம் ஆகிய மூன்றும் முதலில்.

இவை எதிலும் அடங்காத பிழை என்றால், வாபிட் தொகுப்பிலுள்ள வாஸ்ம்-வேலிடேட்டில் கோப்பைக் கொடுங்கள். அங்கே தேறினால் கோப்பு சரி, பிரவுசர் பதிப்பையும் ஒட்டுக் கோப்பையும் பாருங்கள். தேறாவிட்டால் வாஸ்ம்-ஆப்ஜ்டம்ப்பைக் கொண்டு பிழை சொல்லும் ஆஃப்செட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எம்ஸ்கிரிப்டனின் சொந்த கேஷையும் ஒருமுறை கிளியர்-கேஷ் கொடியால் அழித்துவிட்டு மீண்டும் கம்பைல் செய்யுங்கள். அப்போதும் நின்றால் அது கருவியின் பிழையாக இருக்கலாம். கருவியின் பதிப்பு, முழுக் கட்டளை, பிழை வரும் அளவுக்கு மட்டும் சுருக்கிய மூலநிரல், உருவான வாஸ்ம் கோப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பிழை அறிக்கை எழுதுங்கள்.